ஓசை அடங்கும் திசை

சென்ற ஆடி மாதத்தில், விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், நம் அத்தை தெருவைக் கடக்க முற்பட்டு நூலிழையில் உயிர் தப்பினார். வலப்புறமிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்று ஒலி எழுப்பிக்கொண்டே வந்தது. அவ்வொலியை அத்தை நன்றாகவே கேட்டார். கேட்டவுடன் வழிவிட்டு ஒதுங்கவும் செய்தார். ஆனால் அவர் ஒதுங்கியது, வண்டி வந்துகொண்டிருந்த பக்கமாகவே! ஓட்டி வந்த இளைஞன் வண்டியை வெடுக்கெனத் திருப்பித் தான் சேற்றில் விழுந்து, அத்தையைக் காத்தான். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அத்தைக்கு உடம்பில் ஒரு கீறலும் இல்லை.

அத்தைக்கு அகவை 74. ஈராண்டுகளுக்கு முன் கண்ட ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வலக்காது முற்றிலும் பழுதுபட்டுவிட்டது. இடக்காது குறைவற்றது, அடுக்களையில் பால் பொங்கும் ஓசை நமக்குக் கேட்குமுன் அவருக்குக் கேட்டுவிடும். ஆதலால் இல்லத்தில் எவரும், நாம் உட்பட, இதனை ஒரு பெருங்குறையாக எண்ணவில்லை. ஒரு காது போனால் போவது பாதி ஓசையன்று, திசை முழுவதுமே என்பது அன்று மாலைதான் நமக்கு உறைத்தது. அன்றோடு அத்தை தனியே வெளியில் செல்வதை நிறுத்திவிட்டார். புனேயில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, மராத்திக் காய்கறிக்காரர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேரம் பேசி வென்றவர், சன்னலோரத்தில் அமர்ந்துவிட்டார்.

அன்பர்கள் இப்பொழுதே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கண்களை மூடி, ஒரு காதை விரலால் நன்றாக அடைத்துக்கொண்டு, வீட்டுப் பிள்ளை ஒருவனை அறையின் ஏதேனும் ஒரு மூலையில் நின்று ஒரே ஒரு முறை கைதட்டச் சொல்லுங்கள். தட்டிய திசையைச் சுட்டிக்காட்ட முயன்றால் உங்கள் விரல் தடுமாறும். விரலை எடுத்துவிட்டு மீண்டும் முயலுங்கள்; தடுமாற்றம் மறைந்துவிடும். நம் இரு செவிகளுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். ஓசை நொடிக்கு 340 மீட்டர் அளவில் செல்வது. ஆகவே, நேர் வலப்பக்கத்திலிருந்து வரும் ஓசை, வலக்காதை அடைந்தபின் இடக்காதை அடைவதற்கு ஒரு நொடியைப் பதினாயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஆறு கூறு நேரம்தான் பிடிக்கும். இத்துணைச் சிறிய தாமதத்தை மூளை உணர்ந்து, 'இது வலப்பக்கம்' என்று சொல்லிவிடுகிறது. தலை மறைப்பதால் ஒரு காதில் ஓசை சற்றுக் குறைவதையும் அது கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

மருத்துவரிடம் சென்றோம். பழுதுபட்ட காதின் பக்கத்தில் ஒரு சிறு கருவியைப் பொருத்தி, அங்கு வரும் ஓசையை நல்ல காதுக்குக் கடத்தும் செவித்துணை உண்டென்றும், அதனால் அப்பக்கம் அமர்ந்து பேசுவோரின் பேச்சு தெளிவாகக் கேட்குமென்றும் கூறினார். ஆனால் திசை தெரியுமா என்று வினவியபோது, தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னார். இரு பக்கத்து ஓசையும் ஒரே காதில் வந்து கலந்துவிடுகின்றன அன்றோ? கலந்தபின் எது முந்தி வந்தது, எது பிந்தி வந்தது என்று பிரித்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

இவ்விடத்தில் பழைய செய்தி ஒன்று நம் நினைவுக்கு வந்தது. அத்தை 1972-ல் மணமாகிப் புனேக்கு வந்தபோது அவருடன் ஒரு டிரான்சிஸ்டர் பெட்டியும் வந்தது. மொழி தெரியாத ஊரில், மாமா இரவுப் பணிக்குச் சென்ற பின்னர், திருச்சி வானொலி நிலையத்தைத் தேடிப் பிடிப்பதே அவருடைய பொழுதுபோக்கு. பகலில் திருச்சி எட்டாது. இரவில், வானத்தின் உயரத்திலுள்ள மின்னேற்றம் பெற்ற அடுக்கில் மத்திய அலைகள் பட்டுத் திரும்பி வருவதால், கரகரப்போடு கேட்கும். ஆயினும் இடையே உள்ளூர் நிலையம் ஓங்கிக் குரல் கொடுத்து அதனை அமுக்கிவிடும். அத்தை என்ன செய்வார் என்பதை நாம் சிறுவயதில் விடுமுறைக்கு வந்தபோது கண்ணாரக் கண்டிருக்கிறோம். பெட்டியை மேசைமீது வைத்து மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் உள்ளூர் நிலையம் சட்டென்று அடங்கும். அடங்கியவுடன் அதனடியிலிருந்து திருச்சி எழும்பும். "திருச்சி நன்றாகக் கேட்கும் இடத்தைத் தேடாதே. இந்தச் சத்தம் போகிற இடத்தைத் தேடு" என்று அவர் நமக்குச் சொல்லித் தந்தார். அது எத்துணை ஆழ்ந்த பொறியியல் என்பது அவருக்கும் தெரியாது. அன்று நமக்கும் தெரியாது.

டிரான்சிஸ்டர் பெட்டியினுள் விரல் பருமனில் ஒரு கரிய கோல் இருக்கும். ஃபெரைட் என்னும் பொருளாலானது. மேலே மெல்லிய செம்புக்கம்பி சுற்றப்பட்டிருக்கும். அதுவே அப்பெட்டியின் ஆன்டெனா. கோல் ஒரு நிலையத்திற்குக் குறுக்காகக் கிடந்தால் அந்நிலையம் ஓங்கி ஒலிக்கும். அந்நிலையத்தை நோக்கி நீட்டிக் கிடந்தால் அடங்கிவிடும். இவ்விரண்டினுள் திசையைத் திட்டமாகக் காட்டுவது எது? ஓங்கி ஒலிப்பதன்று. ஓங்கி ஒலிக்கும் நிலையிலிருந்து பெட்டியைப் பத்துப் பதினைந்து பாகை திருப்பினாலும் காதுக்கு வேறுபாடு தெரியாது. அடங்கும் நிலையிலிருந்தோ, ஐந்து பாகை திருப்பினாலே ஓசை மீண்டும் கிளம்பிவிடும். ஆகவேதான் கப்பல்களிலும் கரைகளிலும் வளையக் கம்பிகளைச் சுழற்றி வானலை வரும் திசையைக் கண்டறிந்த பழங்காலத்து வல்லுநர்களும், ஓசை மிகும் இடத்தை விட்டுவிட்டு, ஓசை அடங்கும் இடத்தையே தேடினார்கள்.

இதில் இரண்டு குறைகள் உண்டு. கோல் ஒரு கோட்டைத்தான் காட்டும். நிலையம் அக்கோட்டின் இந்த முனையிலா, அந்த முனையிலா என்று சொல்லாது. துணைக்கம்பி ஒன்றைச் சேர்த்து இதனைச் சமாளித்தார்கள். மற்றொன்று இன்னும் பொல்லாதது. இரவில் அலைகள் வானடுக்கில் பட்டுச் சாய்ந்து இறங்குவதால் அடங்கும் இடம் தெளிவின்றி மங்கிவிடும். சில வேளை திசையே பிறழும். வழி தேடும் கப்பலுக்கு இரவில் வழி தவறுவது எத்தகைய ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. ஆட்காக் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி 1919-ல் இதற்கொரு வழி கண்டு காப்புரிமை பெற்றார். வளையத்தை ஒதுக்கிவிட்டு, நான்கு செங்குத்துக் கம்பங்களைச் சதுரமாக நிறுத்தி, எதிரெதிர்க் கம்பங்களில் வரும் அலைகளின் வேறுபாட்டைக் கொண்டு திசையை அறிவது அவர் முறை. ஒரு காதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குப் பதிலாக, அசையாத பல காதுகளை நட்டுவைத்து அவற்றை ஒப்பிடுவது என்று இதனைச் சொல்லலாம். இன்று ஆன்டெனா வரிசை என்று வழங்குவனவற்றின் அடிப்படை இதுவே.

கடற்கரையில் இரு மூங்கிற் கழிகளை ஊன்றியிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அலை நேராக வந்தால் இரு கழிகளையும் ஒருங்கே தொடும். சாய்ந்து வந்தால் ஒரு கழியை முன்னும் மற்றொன்றைப் பின்னும் தொடும். அந்த முன்பின்னைக் கொண்டு அலை எவ்வளவு சாய்ந்து வருகிறதென்று கணக்கிட்டுவிடலாம். வானலைக்கும் இதே கணக்குத்தான். ஆனால் அதன் விரைவு நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர். ஒரு மீட்டர் தொலைவைக் கடக்க அதற்கு ஒரு நொடியில் 30 கோடியில் ஒரு பங்கே போதும். இதனைக் கடிகாரம் கொண்டு அளப்பதைவிட, இந்தக் கழியில் அலை முகட்டில் நிற்கும் கணத்தில் அந்தக் கழியில் முகட்டிலா, பள்ளத்திலா, இடையிலா என்று ஒப்பிடுவது எளிது. அவ்வாறே செய்கிறார்கள்.

இங்கே ஒரு சிக்கலும் தோன்றும். கழிகள் நெருங்கியிருந்தால் முன்பின் வேறுபாடு மிகச் சிறிது. திசை துல்லியமாய்த் தெரியாது. சரி, தள்ளி ஊன்றுவோம் என்றால், இரண்டிற்கும் இடையே மூன்று நான்கு முகடுகள் நுழைந்துகொள்ளும். இந்தக் கழியைத் தொட்ட முகடு அந்தக் கழியைத் தொட்ட எந்த முகட்டின் உடன்பிறப்பு? தெரியாது. ஒன்றுக்குப் பதிலாகப் பல திசைகள் விடையாக வந்து நிற்கும். அலைநீளத்தில் பாதிக்கு மேற்படாமல் ஊன்றினால் இக்குழப்பம் இல்லை. ஆனால் துல்லியமும் இல்லை. ஆகவே சிலவற்றை நெருக்கமாகவும் சிலவற்றைத் தொலைவாகவும் நட்டு, நெருங்கியவற்றைக் கொண்டு குழப்பத்தைத் தீர்த்து, விலகியவற்றைக் கொண்டு துல்லியத்தைப் பெறுகிறார்கள்.

இத்தகைய வரிசைகளை நம் நாட்டில் கண்ணாரக் காண விழைவோர் அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. 1965-ல் கல்யாணில், ஆஸ்திரேலியாவிலிருந்து அன்பளிப்பாக வந்த 32 சிறு தட்டுகளை வரிசையாக நிறுத்தி, கோவிந்த் ஸ்வரூப் என்னும் அறிஞரும் அவர்தம் இளம் தோழர்களும் சூரியனிலிருந்து வரும் வானலைகளை ஆராய்ந்தார்கள். அடுத்து, 1970-ல், உதகமண்டலத்திற்கு அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய பெரியதொரு தொலைநோக்கி எழுந்தது. அதன் நடுக்கோட்டில் 1,056 சிறு ஆன்டெனாக்கள் அணிவகுத்துள்ளன. கிழக்கு மேற்காக அதனை உருட்டித் திருப்பலாம். வடக்கு தெற்காகவோ, அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வுருவம் அசைவதேயில்லை. 1,056 ஆன்டெனாக்களின் அலைகளையும் சிறிது முன்னும் பின்னுமாகத் தள்ளிச் சேர்ப்பதன் மூலமே வேண்டிய திசைக்குச் செவியைத் திருப்பிவிடுகிறார்கள். அப்பகுதியின் நிலநேர்க்கோடு ஏறத்தாழ 11 பாகை. தேடிப்பிடித்த மலைச்சரிவின் சாய்வும் அவ்வளவே. ஆதலால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே ஓர் அச்சில் உருட்டினாலே விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. மலையைத் தேடிக் கருவியைப் பொருத்திய அந்த யோசனையை நாம் நினைக்குந்தோறும் மகிழ்கிறோம்.

ஆனால் புனேவாசிகளாகிய நமக்கு அண்மையில் இருப்பது கோடத் கிராமத்துப் பெரிய வரிசை. நாசிக் நெடுஞ்சாலையில் நாராயண்காவ் வரை சென்று கிழக்கே திரும்ப வேண்டும். புனேயிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 தட்டுகள் அங்கே உள்ளன. ஆண்டுதோறும் தேசிய அறிவியல் நாளாகிய பிப்ரவரி 28-ஐ ஒட்டிப் பொதுமக்களை வரவேற்று விளக்கம் சொல்கிறார்கள். இவ்வாண்டு சங்கத்து அன்பர் சிலர் செல்வதாகக் கூறவே, அத்தையையும் அழைத்தோம். "எனக்கு எதற்கப்பா வானமும் நட்சத்திரமும்?" என்றார். "காதுகளைக் காட்டுகிறோம், வாருங்கள்" என்றோம். வந்தார்.

திராட்சைத் தோட்டங்களுக்கும் வெங்காய வயல்களுக்கும் நடுவே அத்தட்டுகள் நிற்கும் காட்சியை நேரில் காண வேண்டும். தட்டு என்று சொன்னோமே தவிர, அது தகடன்று. மெல்லிய எஃகுக் கம்பிகளால் பின்னப்பட்ட வலை. ஊடே வானம் தெரியும். காற்று தடையின்றிப் புகுந்து வெளியேறும். மீட்டர் அளவிலான அலைகளை வாங்குவதற்கு வலையே போதும். அலைக்கு வலையின் துளைகள் கண்ணுக்கே தெரியா. காற்றின் சுமை குறைந்ததால் தாங்கும் இரும்பு குறைந்தது; இரும்பு குறைந்ததால் செலவு குறைந்தது. நம் நாட்டு நிலைமைக்கு ஏற்ற சிக்கனம். 1990-களில் எழுப்பப்பட்டு, 2001-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இவ்வமைப்பின் சிற்பியும் கோவிந்த் ஸ்வரூப் அவர்களே. அவர் 2020-ல் மறைந்தார்.

முப்பதில் 14 தட்டுகள் நடுவே ஏறத்தாழ ஒரு சதுரக் கிலோமீட்டருக்குள் நெருங்கி நிற்கின்றன. எஞ்சிய 16-ம் மூன்று கரங்களாக விலகிச் செல்கின்றன. கடைக்கோடித் தட்டுகளுக்கு இடையே 25 கிலோமீட்டர் அளவுக்குத் தொலைவுண்டு. நெருக்கமாகச் சிலவும் தொலைவாகச் சிலவும் என்று மேலே கடற்கரைக் கழிகளைக் கொண்டு சொன்னோமே, அது இங்கே ஊர் ஊராகப் பரந்து கிடக்கிறது. இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்தால் 435 இணைகள். ஒவ்வோர் இணையும் தன் முன்பின்னைச் சொல்லும். தட்டுகள் வாங்கும் அலைகள் கண்ணாடி இழைகளின் வழியே நடுநிலையத்திற்கு வருகின்றன. அங்கே கணினி ஒப்பிடுகிறது. 21 சென்டிமீட்டர் அலையில் ஒரே ஒரு தட்டைக் கொண்டு நோக்கினால் முழுநிலவின் அகலத்திற்குச் சற்றுக் குறைந்த வானப்பரப்பு ஒரே புள்ளியாகத்தான் தெரியும். முப்பதையும் சேர்த்தால் அதனினும் ஏறத்தாழ எழுநூறு மடங்கு நுட்பமாக, இரண்டு விகலை அளவுக்குத் திசை பிரிகிறது.

கைப்பேசிகளை அணைத்துவிட்டே அருகிற் சென்றோம். நகர் இரைச்சலிலிருந்து விலகி, மலைகளின் மறைவில் இவ்விடத்தைத் தேர்ந்ததே வானலை அமைதிக்காகத்தான். நெடுந்தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலுக்குக் காது கொடுப்போரிடம், அருகிலிருக்கும் நாம் உரக்கப் பேசலாகாது. அத்தை இதனைக் கேட்டு, "நம் வீட்டில் தொலைக்காட்சிக்கும் இந்தச் சட்டம் வந்தால் நல்லது" என்றார். இக்குறிப்பு நம் பேரப்பிள்ளைகளின் கண்ணில் படக்கடவது.

திரும்பும் வழியில் உடன்வந்த பொறியியல் மாணவர் ஒருவர் மற்றொரு செய்தியைச் சொன்னார். நாம் வீடு திரும்பியபின் நூல்களைப் புரட்டித் தெளிவு பெற்றோம். வரிசையை 25 கிலோமீட்டருக்கு நீட்டிவைக்க எல்லோராலும் முடியாது. கப்பலின் அடியில், விமானத்தின் வயிற்றில், கோபுரத்தின் உச்சியில் சில ஆன்டெனாக்களுக்கே இடமுண்டு. அத்தகைய சிறு வரிசையில், நெருங்கிய இரு திசைகளிலிருந்து இரு நிலையங்கள் ஒரே அலைவரிசையில் பேசினால், இரண்டும் ஒன்றாகவே தெரியும். பிரிப்பது எங்ஙனம்?

1979-ல் ரால்ஃப் ஷ்மிட் என்னும் அமெரிக்கர் வெளியிட்ட முறை இதற்கு விடை கூறியது. மூன்று ஆன்டெனாக்கள், இரு நிலையங்கள் என்று கொள்வோம். மூன்றிலும் வருவனவற்றைச் சற்றே கூட்டியும் குறைத்தும், முன்னும் பின்னும் தள்ளியும் சேர்க்கும் வழிகள் எண்ணற்றவை. அவற்றுள் ஒரு வழியில் சேர்த்தால், இரு நிலையங்களும் ஒருங்கே அடங்கி, வெறும் இரைச்சல் மட்டுமே மிஞ்சும். வந்த அலைகளைக் கொண்டே அவ்வழியைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். எடுத்தபின் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இவ்வாறு சேர்த்தால் இவ்வரிசை எந்தெந்தத் திசைகளுக்குச் செவிடாகும்? அத்திசைகளே நிலையங்கள் இருக்கும் திசைகள்!

இதனைப் படித்தபோது நாம் நூலை மூடிவிட்டுச் சிறிது நேரம் சும்மா அமர்ந்திருந்தோம். 'இந்தச் சத்தம் போகிற இடத்தைத் தேடு' என்று அத்தை சொன்னதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன? அவர் ஒரு கோலைத் திருப்பி ஒரு நிலையத்தை அடக்கினார். இவர் எதையும் திருப்பாமல், கணக்கினாலேயே பல நிலையங்களை ஒருங்கே அடக்குகிறார். ஆன்டெனாக்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைய எத்தனை நிலையங்களோ, அத்தனையையும் பிரிக்கலாம். இம்முறையின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் 'மியூசிக்' என்று வருகிறது. ஓசையற்ற இடத்தைத் தேடும் முறைக்குச் சங்கீதம் என்று பெயர் வாய்த்தது வேடிக்கைதான்.

இம்முறைக்கும் ஒரு தொல்லை உண்டு. ஒவ்வோர் ஆன்டெனாவும் எத்திசைக்கு எவ்வாறு செவி சாய்க்கும் என்பதை முன்கூட்டியே அளந்து, பெரிய அட்டவணையாக வைத்திருக்க வேண்டும். பின்னர், ஒவ்வொரு திசையாகத் தேடிப் பார்க்க வேண்டும். இத்தொல்லையைப் போக்கியவர்களுள் இருவர் நம் நாட்டவர். அதனினும் மேலாக, அவ்விருவர் வரலாற்றிலும் நம் புனே இடம்பெறுகிறது.

ஒருவர் தாமஸ் கைலத். மலையாளக் குடும்பத்தில், 1935-ல் புனேயிலேயே பிறந்தவர். புனேப் பொறியியற் கல்லூரியில் 1956-ல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்று, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். அயலூரில் பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை என்பதைச் சங்கத்துப் பெற்றோர் கவனிப்பார்களாக. மற்றவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். 1944-ல் பொள்ளாச்சியில் பிறந்த தமிழர். 15-ஆம் வயதிலேயே நம் கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேர்ந்து, கடற்படை அதிகாரியானார்.

1971-ஆம் ஆண்டுப் போரில், டிசம்பர் 9-ஆம் நாள் இரவு, தியூவுக்கு அப்பால், குக்ரி என்னும் நம் போர்க்கப்பல் பாகிஸ்தானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றால் மூழ்கடிக்கப்பட்டது. அதிகாரிகள் 18 பேரும் மாலுமிகள் 176 பேரும் அதனுடன் மாண்டனர். நீர்மூழ்கியைத் தேடிச் சென்ற கப்பலை, நீர்மூழ்கி முந்திக்கொண்டு கண்டுவிட்டது. கடலுக்கடியில் வானலை செல்லாது, ஓசைதான் செல்லும். ஆகவே அங்கே ஆன்டெனாக்களுக்குப் பதில் ஒலிவாங்கிகளின் வரிசை. சோனார் என்பது அதுவே. கணக்கு ஒன்றேதான். எவன் காது முதலில் திசையறிகிறதோ அவன் பிழைப்பான். அக்காலத்தில் பழைய சோனார் ஒன்றைச் சீர்திருத்தும் பணி பால்ராஜிடம் வந்தது. அதனைச் செய்துகொண்டே தில்லி ஐ.ஐ.டி.யில் ஆய்வுப் பட்டமும் பெற்றார். பின்னர்க் கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் புதியதொரு சோனார் உருவாகி, 1983 வாக்கில் நிறைவெய்தி, நம் போர்க்கப்பல்களில் ஏறிற்று.

அதன்பின் ஸ்டான்ஃபோர்டு சென்றவர் கைலத்துடனும், ரிச்சர்டு ராய் என்னும் ஆய்வாளருடனும் சேர்ந்து 1985-ல் வெளியிட்டதே 'எஸ்பிரிட்' என்னும் முறை. அதன் கருத்து மிக எளிது. ஆன்டெனாக்களை இரட்டையர் இரட்டையராக நடுங்கள். ஒவ்வோர் இரட்டையும் தம்முள் ஒத்திருக்க வேண்டும். ஓர் இரட்டை மற்றோர் இரட்டையைப் போல் இருக்க வேண்டியதில்லை. இரட்டையருக்கு இடையே உள்ள தொலைவும் அது நீளும் திசையும் மட்டும் எங்கும் ஒன்றாக இருக்கட்டும். அண்ணன்மார் கேட்பதையும் தம்பிமார் கேட்பதையும் ஒப்பிட்டால், ஒவ்வொரு நிலையத்தின் அலையும் இரு தரப்பிலும் ஒன்றே. முன்பின் மட்டுமே மாறுபடும். அந்த முன்பின்னே திசை. அட்டவணை வேண்டா, ஒவ்வொரு திசையாகத் தேடவும் வேண்டா, விடை கணக்கிலிருந்து நேரே உதிர்கிறது. ஒருவர் காது எப்படிக் கேட்கும் என்பது தெரியாவிட்டாலும், இருவர் காதும் ஒத்தவை என்பது தெரிந்தால் போதும் என்பதை எண்ணிப் பார்த்தால், எவ்வளவு பெரிய சுமையை இறக்கி வைத்தார்கள் என்பது விளங்கும்.

திசை தேடுவோரின் தீராப்பகை எதிரொலி. சுவரில் பட்டுத் திரும்பும் அலை, சுவரின் திசையிலிருந்து வருவதாகப் பொய் சொல்லும். 1992-ல் பால்ராஜ் அப்பகையையே நட்பாக்கிக்கொள்ளும் யோசனையை முன்வைத்தார். எதிரொலிகள் பலவழியில் வருவதால், அனுப்பும் இடத்திலும் வாங்கும் இடத்திலும் பல ஆன்டெனாக்களை வைத்தால், ஒரே அலைவரிசையில் பல செய்திகளை ஒருங்கே அனுப்பிப் பிரித்தெடுக்கலாம் என்பது அது. அவருக்கும் கைலத்துக்கும் 1994-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 'மைமோ' என்று வழங்கும் அம்முறை, இன்று நம் இல்லத்து வைஃபை பெட்டியிலும் கைப்பேசியிலும் இருக்கிறது. ஊரிலுள்ள பெற்றோரின் முகத்தைத் திரையில் கண்டு நாம் பேசுவதற்குப் பொள்ளாச்சிக்காரர் ஒருவரின் மூளையும் காரணம்.

இவற்றையெல்லாம் நாம் அத்தையிடம் விரிவாகச் சொன்னோம். குக்ரியில் மாண்டவர்களைப் பற்றிச் சொன்னபோது கண்கலங்கினார். கணக்கு முறைகளைப் பற்றிச் சொன்னபோது பொறுமையாகக் கேட்டார். முடிவில், "அந்தப் பெட்டியை எங்கே வைத்திருக்கிறோம்?" என்று மட்டும் வினவினார். பரணில் இருந்தது, கரப்பான் பூச்சிகள் குடியேறியிருந்தன. அதனுள்ளிருந்த கரிய கோலை அவர் முதன்முறையாகக் கண்டது அன்றுதான்.

இரண்டு நாள் சென்றபின், அவர் கூடத்தில் நின்று தலையை மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருப்பதைக் கண்டோம். கழுத்துவலியோ என்று அஞ்சினோம். இல்லை. பழுதுபட்ட காதை ஓசையின் பக்கம் திருப்பினால் தலை மறைத்து ஓசை மங்குகிறதாம். மங்குகிற பக்கத்தை அறிந்தால் ஓசை வரும் பக்கத்தை அறிந்ததாகுமாம். நின்று நிதானித்துக் கேட்கும் தொடர் ஓசைக்கே இது பயன்படும். விரைந்து வரும் வண்டிக்குப் போதாது என்று நாம் எச்சரித்தோம். "தெரியும். சாலையில் இரண்டு பக்கமும் கண்ணால் பார்ப்பேன். இது வாயிலுக்கும் சந்துக்கும்" என்றார்.

சென்ற வெள்ளியன்று, எட்டு மாதங்களுக்குப் பின், தெருமுனைக் கோயிலுக்குத் தனியே புறப்பட்டார். தடுக்க மனமில்லை, விடவும் மனமில்லை. செருப்பு ஓசைப்படாமல் பத்தடி பின்னால் சென்றோம். பாதி வழியில் நின்றார். தலையை இடப்புறம் சாய்த்தார், பிறகு வலப்புறம். திரும்பிப் பார்க்கவில்லை.

"வலப்பக்கமாகத்தானே வருகிறாய்? வீட்டுக்குப் போ. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன்" என்றார்.